இரும்பா கார்பனா என்று கேட்க ஓர் ஆள்

மூன்று வாரமாகச் சைக்கிள் முனகிக்கொண்டிருந்தது. மேட்டில் பெடலை அழுத்தினால் கீழே எங்கோ ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம். பெடலைக் கழற்றிக் கிரீஸ் வைத்தேன். செயினைத் துடைத்தேன். சீட்டுக் கம்பியை உருவி மறுபடியும் செருகினேன். சத்தம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல் வரை போய்விட்டு வந்து, பொம்மனஹள்ளி வீட்டு மொட்டை மாடியில் அதைத் தலைகீழாக நிறுத்திக் கழுவும்போதுதான் கண்ணில் பட்டது. பெடல் சுற்றுகிற இடத்தில், கீழ்க்குழாய் வந்து சேரும் வெல்டிங்குக்குப் பக்கத்தில், தலைமுடி ஒட்டிக்கொண்டிருப்பது போல ஒரு கோடு. நகத்தால் தள்ளிப் பார்த்தேன். முடியாக இருந்தால் நகர்ந்திருக்கும்.

முதலில் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். பிறகு பயம். ஏனென்றால் அந்தச் சைக்கிள் என்னுடையது இல்லை. என் ஓரகத்தியுடையது.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. என்னைவிட ஐந்து வயது பெரியவள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கோட்டைப் பார்த்த நாளில் நாங்கள் பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் எந்தச் சண்டையும் கிடையாது. சண்டை அண்ணனுக்கும் தம்பிக்கும். அவர்கள் முறைத்துக்கொண்டால் நாங்களும் முறைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ, எழுதினவனைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

நான் வாணியம்பாடிப் பெண். கல்யாணமாகி பிரேசர் டவுனில் அந்தக் கூட்டு வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கன்னடமும் தெரியாது, பெங்களூர் குளிரும் தெரியாது. அக்கா மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கிளறுவாள். முதல் நாள் மாடிப்படியில் நான் வேகமாக இறங்கியபோது, “ஹல்லு ஹல்லு இறங்குடி, யாரு தொரத்துறாங்க” என்றாள். ஹல்லு என்றால் மெதுவாக என்று அர்த்தம். அப்போது எனக்கு அது வசவு போலக் கேட்டது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

எங்கள் மாமியாருக்கு ஒரு சட்டம் இருந்தது. இரண்டு மருமகள்களுக்கும் எதை வாங்கினாலும் ஒரே மாதிரி வாங்க வேண்டும். தீபாவளிப் புடவையா, ஒரே கலர், ஒரே பார்டர். குக்கர் வாங்கினாலும் இரண்டு, குடை வாங்கினாலும் இரண்டு. “ஒரு கண்ணுக்கு வெண்ணெ, ஒரு கண்ணுக்கு சுண்ணாம்புன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது” என்பார். அதனால் எதை வாங்குவதற்கு முன்னாலும் நானும் அக்காவும் பேசி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். எனக்கு மெரூன் பிடிக்கும், அவளுக்கு மஞ்சள் பிடிக்கும், கடைசியில் இரண்டு பேரும் பச்சை கட்டிக்கொண்டு நிற்போம். அந்தச் சட்டத்தை நான் திட்டாத தீபாவளி கிடையாது.

அக்காவுக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது நாய்க்கு வேலை என்று சொல்லிவிட்டு அக்கா சைக்கிள் கேட்டாள். சாதாரண சைக்கிள் இல்லை. காலையில் அந்தப் பக்கம் சர்ரென்று போவார்களே, மெல்லிய டயர், வளைந்த கைப்பிடி, அந்த ரோட் பைக். அவளுக்கு வாங்கினால் எனக்கும் வாங்க வேண்டுமே! மாமியாரும் கூடவே கடைக்கு வந்தார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து, “ஆட்டுக் கொம்பு மாதிரி இருக்கு” என்றார். பிறகு புடவைக் கடையில் கேட்பது போலவே, “இதுல மயில் கழுத்துக் கலர் ரெண்டு இருக்கா?” என்று கேட்டார். இருந்தது. அலுமினிய பிரேம், ஒரே சைஸ், மயில் கழுத்து நீலம், இரண்டு. முப்பத்தாறு வயதில் எனக்குச் சைக்கிள் வந்தது இப்படித்தான்.

ஆறரை வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் போனோம் என்று சொன்னால் பொய். ஆனால் முக்கால்வாசி ஞாயிறு போனோம். விடியற்காலை கிளம்பி தேவனஹள்ளியைத் தாண்டி ஓர் இட்லிக் கடை வரைக்கும். அங்கே சைக்கிள்காரர்கள் கூட்டம் சேரும். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் புதிதாக வண்டி கொண்டுவந்தாலும் அனுமதி கேட்காமலே இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார்கள். வெயிட் குறைவாக இருந்தால் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டுவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவர்களிடம் தோற்றுப்போவார்கள். எங்கள் வண்டியைத் தூக்கினவர்கள் ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிடுவார்கள்.

நாங்கள் இட்லியைத் தின்றுகொண்டே போகிற வருகிற வண்டிகளுக்குப் பாத்திரக் கணக்கில் பேர் வைப்போம். அலுமினியம் என்றால் குண்டான். கார்பன் என்றால் பிளாஸ்டிக் குடம். இரும்பு என்றால் தோசைக்கல். அடுத்த வண்டி எது என்பதில் எங்களுக்குள் வருஷக்கணக்கில் தகராறு. அக்காவுக்குக் கார்பன்மேல் கண். “ஒரு தடவையாச்சும் பறக்கணும்டி” என்பாள். எனக்கு இரும்பு. கார்பன் விழுந்தால் உள்ளுக்குள் விரிசல் விட்டாலும் வெளியே சிரித்துக்கொண்டே நிற்கும், நம்ப முடியாது. இரும்பு வளைந்து காட்டும், நசுங்கிக் காட்டும், உடைந்தாலும் ஒட்ட வைக்கலாம். இப்படி நான் பேசினால் அக்கா, “ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. நமக்கு வாய்ச்சது குண்டான்தான், எழுந்திரு” என்று பேச்சை முடித்துவிடுவாள். எப்படியும் ஒருத்தி விட்டுக்கொடுத்தாக வேண்டும், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே வாங்கப் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் அந்தத் தகராறு முடியவே இல்லை.

மாமியார் போன பிறகு ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை, அதற்குப் பதில் வார்த்தை, நடுவில் சொந்தக்காரர்கள் வேறு எண்ணெய் ஊற்றினார்கள். ஒரு நாள் என் கணவர், “இனிமே இந்த வாசப்படி மிதிச்சா நான் மனுசன் இல்ல” என்று சொல்லிவிட்டார். அண்ணன் அதற்கும் ஒரு படி மேலே போய் எதையோ சொன்னார். பத்தே நாளில் டெம்போ வந்தது. மாடிப்படிக்குக் கீழே இரண்டு சைக்கிளும் பழைய போர்வை போர்த்தி நின்றன. ஏற்றுகிற ஆள் எது கைக்கு எட்டியதோ அதைத் தூக்கிப் போட்டான். நான் பாத்திர மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா சமையல் கட்டிலிருந்து வெளியே வரவில்லை. நானும் உள்ளே போகவில்லை. அன்றைக்கு அந்தச் சமையல் கட்டுக்குள் போயிருக்க வேண்டும். இப்போது எவ்வளவு நினைத்தும் என்ன பயன்.

பொம்மனஹள்ளிக்கு வந்து ஒரு வாரம் கழித்து ஏறி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. முட்டி மடங்கியே இருந்தது. சீட்டு ஒரு விரற்கடை தாழ்வு. அக்கா என்னைவிடக் கொஞ்சம் குள்ளம். இரண்டு வண்டிக்கும் அந்த ஒரு வித்தியாசம்தான் இருந்தது.

கணவரிடம் சொல்லியிருந்தால் யார் மூலமாவது மாற்றிக்கொண்டிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், மாற்ற எனக்கு மனசில்லை. அவளுடையது ஏதாவது ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று இருந்தது. சீட்டையும் நான் உயர்த்தவில்லை. ஒரு திருகாணி, அரை நிமிஷ வேலை. ஒன்றரை வருஷம் முட்டி வலியோடு ஓட்டினேன். ஆனேக்கல் பக்கம் ஓட்டுகிற புதுக் கூட்டத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம், “மேடம், சீட் லோ இருக்கு, முட்டி போயிடும்” என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அப்படியே ஓட்டினேன். பைத்தியக்காரத்தனம்தான். வேறு என்ன பேர் சொல்வது?

விரிசலைப் பார்த்த அடுத்த சனிக்கிழமை, வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி பிரேசர் டவுனில் அந்தப் பழைய கடைக்கே கொண்டுபோனேன். பொம்மனஹள்ளியில் கடை இல்லாமல் இல்லை. எனக்கு அங்கே போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கடை எங்கள் பழைய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அந்தத் தெருமுனை வந்தபோது நான் போனைக் கையில் எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் கன்னடக்காரர், ஐம்பது தாண்டியவர், எங்கள் இரண்டு வண்டியையும் விற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் தட்டினார். “ஹோய்தும்மா. போச்சு இது” என்றார்.

“வெல்டிங் பண்ண முடியாதா?”

“பண்ணலாம். இந்த எடம் ஒட்டும், பக்கத்துல உடையும். அலுமினியம் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமா உள்ள களைச்சுப் போகும், ஒரு நாள் விட்டுரும். எறக்கத்துல விட்டா என்ன பண்ணுவீங்க? புதுசு பாருங்க.” பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தார். “அந்த அம்மா வரல? ஜோடியாத்தானே வருவீங்க.”

ஊருக்குப் போயிருக்காங்க என்று ஒரு பொய் சொன்னேன்.

அவர் வண்டிகளை எடுத்து வைத்தார். புது அலுமினியம் ஒன்று. கறுப்பாக மினுக்கும் கார்பன் ஒன்று. மெல்லிய குழாய்களோடு பச்சை நிற இரும்பு ஒன்று. டைட்டேனியம் என்று ஒன்று உண்டு, போனில் படம் மட்டும் காட்டினார். அதைப் பற்றி என் கணவருக்குப் போன் போட்டுச் சொன்னபோது, “நீ என்ன நிலாவுக்கா போற?” என்றார். அதோடு அது முடிந்தது. கார்பனைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது, பிளாஸ்டிக்கை எவனாவது தேடிப் போய் வாங்குவானா என்று. ஆனேக்கல் கூட்டம் வாட்ஸ்அப்பில் ஒரே குரலாகக் கார்பன் என்றது. ஆளாளுக்குச் சொன்னார்கள். சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

இத்தனை வருஷம் என்ன வாங்கலாம் என்று தனியாக முடிவு செய்ய வழியில்லையே என்று பல்லைக் கடித்தவள் நான். இப்போது எதை வேண்டுமானாலும் வாங்கலாம். மெரூன் வேண்டுமா, மெரூன். தடுக்க ஆளில்லை, என்னோடு தகராறு பண்ணவும் ஆளில்லை. கடை நடுவில் நின்றுகொண்டு இரண்டு விரலால் கார்பனைத் தூக்கினேன். காற்று போல வந்தது. உதட்டைப் பிதுக்கினேன். பக்கத்தில் யாரும் இல்லை.

கடைக்காரர் கார்பன், இரும்பு இரண்டையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார். முதலில் கார்பன். மிதித்தேனோ இல்லையோ, வண்டி முன்னால் பாய்ந்தது. பெரிய ரோட்டில் ஒரே மூச்சில் ஒரு நீளம் போய்த் திரும்பினேன். அக்கா சொன்னது சரிதான், பறக்கத்தான் செய்தது. இது அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அதில் சந்தோஷமாக இருந்தது என்பதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பிறகு இரும்பு. கிளம்பும்போது கொஞ்சம் சோம்பல். பள்ளம் மேடு வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அலுமினியத்தில் ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டு வரை வந்து சேதி சொல்லும். இது பாதியைத் தானே விழுங்கிக்கொண்டது. அப்படியே நேராகப் போய்த் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கயிறு கட்டி, இடது பக்கம் திரும்பச் சொல்லி ஓர் அட்டை. இடது பக்கம் எங்கள் தெரு.

திரும்பி வந்திருக்கலாம். கால் மிதித்துக்கொண்டே போய்விட்டது. வீட்டுக்கு முன்னால் வேகத்தடை, எப்போதும் உள்ளதுதான். மெதுவாக ஏறும்போது நிமிர்ந்து பார்த்தேன். மாடி பால்கனியில் என் சைக்கிள் நின்றது. மயில் கழுத்து நீலம் வெயிலில் வெளுத்திருந்தது. கைப்பிடியில் ஒரு துண்டு, குறுக்குக் குழாயில் இரண்டு பாவாடை, சீட்டில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு டயரிலும் காற்றே இல்லை. அது ஓடி எத்தனை நாளாயிற்றோ.

அக்கா என்னை மறந்துவிட்டு ஞாயிறு தோறும் ஜாலியாகப் போய்க்கொண்டிருப்பாள் என்று ஒன்றரை வருஷம் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். தேவனஹள்ளிப் பக்கம் என்னைவிட்டுவிட்டு வேறு எவளோடோ இட்லி தின்கிறாள் என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருந்தது.

கடைக்குத் திரும்பி வந்து இரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெளியே போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து போன் செய்தேன். நான்கு முறை மணி அடித்தது. எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடி நின்றது.

“அக்கா, நான்தான்.”

“ம்.”

வாயில் வந்ததைச் சொன்னேன். “உங்க சைக்கிள் உடைஞ்சு போச்சு அக்கா. பிரேம்ல விரிசல்.”

“விழுந்தியா?”

“இல்ல.”

“எங்கயாச்சும் அடி கிடி?”

“இல்லக்கா. கழுவும்போது பாத்தேன்.”

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “அதை ஏண்டி மொதல்ல சொல்லல. உடைஞ்சு போச்சுன்னு எடுத்தவுடனே சொன்னா நான் என்னன்னு நெனைக்கிறது” என்று திட்ட ஆரம்பித்தாள். ஒன்றரை வருஷ பாக்கியையும் சேர்த்துத் திட்டினாள். நான் கடை வாசலில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் உள்ளே போய் ஏதோ ஒரு சக்கரத்தைத் தீவிரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

வண்டி மாறினது அவளுக்கும் முதல் வாரமே தெரிந்திருக்கிறது. “ஏறி உக்காந்தேன், கால் எட்டல. சீட்ட எறக்கலாம்னு ஸ்பானர் எடுத்தேன். கை வரலடி. எறக்கிட்டா நீ போனது போனதுதான்னு ஆயிடும்னு இருந்துச்சு. தனியா எங்க போறது, அப்படியே மேல போட்டுட்டேன்” என்றாள்.

“பாவாடை காயுது அதுல.”

“பாத்தியா? எங்கேருந்து பாத்த?”

சொன்னேன். பால்கனிக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது, செருப்புச் சத்தம் கேட்டது. நான் அதற்குள் கடையில் இருந்தேன். “ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?” என்றாள், குரல் இறங்கிவிட்டது.

பிறகு அவளே சொன்னாள். “புதுசு எதுக்கு? இது உன்னோடதுதானே. இவரு ஊருக்குப் போற அன்னிக்கு சொல்றேன், ஆள விட்டு எடுத்துட்டுப் போ.”

யோசித்துப் பார்த்தால் அதுதான் சுலபம். என் வண்டி, என் சீட்டு உயரம். ஆனால் அதை எடுத்துவிட்டால் அவளிடம் ஏறி உட்கார ஒன்றுமே இருக்காது. புதிதாக வாங்குகிறவள் இல்லை அவள், எனக்குத் தெரியும். “வேணாம். அது உங்ககிட்டயே இருக்கட்டும். துணியை எடுத்துட்டு டயருக்குக் காத்து அடிங்க” என்றேன்.

பால்கனிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“அப்ப என்ன வாங்கப் போற?”

“தெரியல. இரும்பும் ஓட்டிப் பாத்தேன், கார்பனும் ஓட்டிப் பாத்தேன். கார்பன் நிஜமாவே பறக்குதுக்கா. நீங்க சொன்னது சரி. அதையே எடுத்துரலாமான்னு பாக்கறேன்.”

அவள் துள்ளுவாள் என்று நினைத்தேன்.

“கார்பன் வேணாம்டி” என்றாள்.

“ஏன், நீங்கதானே இத்தனை வருஷமா...”

“நான் இந்தக் குண்டான்ல வரணும். ஒன்றரை வருஷமா மிதிக்காத காலு. நீ பாட்டுக்குப் பறந்துட்டா உன்ன நான் எங்க போய்ப் புடிக்கிறது?”

உள்ளே போய்க் கடைக்காரரிடம் இரும்பு என்றேன். மழைக்காலத்துக்கு முன்னால் உள்பக்கம் எண்ணெய் விட வேண்டும், வியர்வை பட்ட இடத்தைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு ஏறும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். என் சைஸ் ஆர்டர் பண்ணித்தான் வரவேண்டும் என்றார். அதற்கும் சரி.

இரும்பு வந்து ஏழு ஞாயிறு ஆகிவிட்டது. அக்கா இன்னும் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் போன் வருகிறது, அதுவே பெரிய விஷயம். வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்கிறாள், நாத்தனார் வருகிறார்கள் என்கிறாள், முட்டியில் ஏதோ பிடித்திருக்கிறது என்கிறாள். அடுத்த வாரம் பாக்கலாம்டி என்று வைத்துவிடுகிறாள். என் கணவரிடம் நானும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் என்ன பெரிய வீராங்கனையா, அவளைக் குறை சொல்ல?

ஞாயிறு விடிகாலை நான் மட்டும் அத்தனை தூரம் சுற்றி வந்து தேவனஹள்ளி ரோட்டைப் பிடிக்கிறேன். “மேடம், கார்பன் எடுத்திருக்கலாம், ரொம்ப ஸ்லோ ஆயிட்டீங்க” என்று பழைய கூட்டத்து ஆட்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வண்டிமேல் குற்றம் இல்லை. நான்தான் மெதுவாக ஓட்டுகிறேன். பின்னால் செயின் சத்தம் கேட்டால் மிதிப்பதை நிறுத்திவிட்டு இடது பக்கம் ஒதுங்கி இடம் விடுகிறேன். இதுவரை வந்தவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.